இறக்கக் கூடாத படகு

கோயமுத்தூர் வடவள்ளியில் 'நங்கூரம்' என்று பெயர்ப் பலகை மாட்டிய வீட்டில் காலை ஏழு மணிக்குக் காபி மேசைக்கு வந்துவிட வேண்டும். ஏழு ஐந்துக்கு வந்தால் அது காபியே இல்லை, குற்றம். கடற்படைக் கமடோர் லட்சுமணசாமி கண்ணை மூடிப் பதினோரு மாதம் கழிந்த பிறகும் அவருடைய கடிகாரம்தான் அந்த வீட்டை ஆண்டுகொண்டிருந்தது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஏழேகால் ஆகியும் யாரும் காபியைத் தொடவில்லை. அச்சகத்திலிருந்து நினைவு மலரின் கடைசிப் புரூஃப் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாமாண்டு நினைவு நாள். டவுனில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. படம் திறந்து வைக்கக் கொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ஒருவர் வருகிறார். மலரின் நடுவில் அறுபது பக்கம் லட்சுமணசாமியே கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன நினைவுகள். மகள் கயல்விழி காலேஜில் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் அப்பாவின் சாய்ந்த எழுத்தோடு ஏழு மாதம் மல்லுக்கட்டி அதைப் படியெடுத்தாள். "அங்கப்பன் மாமாவைக் கூப்பிட வேண்டாமாம்மா?" என்று போன வாரம் அவள் தாய்மாமனைப் பற்றிக் கேட்டு வைத்ததும், அம்மா மாரியாத்தாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கிம்மா. படிக்கட்டுமா?"

"படி கண்ணு."

கயல்விழி படித்தாள். தலைப்பு, 'கடமையும் உறவும்'.

"1969 ஜூலை. கொங்கணக் கரையில் ஒரு சிறு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தோம். கேப்டன் கரைக்குச் சென்றிருந்ததால் கப்பல் என் பொறுப்பில் இருந்தது. கடல் கொந்தளிப்பைக் கண்டு, படகு எதையும் இறக்கக் கூடாது என்று நானே உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டேன். அதை மீறிப் படகை எடுத்துச் சென்றவர், அதே கப்பலில் மாலுமியாக இருந்த என் மனைவியின் சொந்தத் தம்பி. படகு கவிழ்ந்து, அவருடன் சென்ற இளம் மாலுமி உயிரிழந்தார். விசாரணையில் உறவைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னேன். என் பணிக்காலத்தில் அதைவிடக் கடினமான நாள் இல்லை."

மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழாமல் என்ன செய்வாள்? பெருந்துறைப் பக்கம் பண்ணையத்தில் களை வெட்டிய குடும்பத்தில் பிறந்தவள். அவள் கட்டிக்கொண்டவரும் அதே பண்ணையத்து ஆள்காரர் பிள்ளைதான். ஹாஸ்டலில் தங்கிப் படித்துக் கடற்படை அதிகாரியானவர். முதன்முதலாக வெள்ளை யூனிபாரத்தில் ஊருக்கு வந்தபோது, அவருடைய அப்பன் கை கட்டி நின்ற அதே வாசலில் பண்ணையக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த நாற்காலியை மாரியாத்தாள் ஒருநாளும் மறந்ததில்லை. பம்பாய், கொச்சி, விசாகப்பட்டினம் என்று எத்தனையோ ஊர், எத்தனையோ விருந்து. எல்லாவற்றிலும் 'மிஸஸ் சாமி'யாகப் பட்டுச் சேலை கட்டிச் சிரித்த முகமாக நின்றிருக்கிறாள். இரண்டு போர்க் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவரின் மனைவி அவள்.

அப்படிப்பட்டவரின் பெயரைக் கெடுக்கப் பார்த்தான் கூடப் பிறந்தவன் என்பதுதான் அவள் நெஞ்சில் இருந்த முள். தொண்ணூறு நாள் காவலில் இருந்துவிட்டு, வேலையும் போய், வெறுங்கையோடு ஊர் திரும்பினான் அங்கப்பன். அப்புறமும் அவள் மனசு இறங்கி, கயல்விழியின் காது குத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? வரவில்லை. சென்னிமலைக் கோயிலில் அத்தனை சனத்துக்கு முன்னால் ஒன்றுவிட்ட தம்பி தம்பிதுரையின் மடியில் குழந்தையை உட்கார வைக்கும்படி ஆயிற்று. அன்றோடு அவள் தனக்குத் தம்பியே இல்லை என்று முடிவு கட்டினாள். அதற்கும் ஆயிற்று இருபத்தொரு வருஷம்.

"இதை எடுத்துடலாமாம்மா? மாமா பேரைப் போடலைன்னாலும் ஊர்க்காரங்களுக்குத் தெரியுமே."

"எதுக்கு எடுக்கோணும்? உங்கப்பா நெசத்தைத்தான எழுதியிருக்கறாரு? இருக்கட்டும்."

கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது அப்போதுதான்.

இறங்கியவர் அப்துல் முத்தலிப். கோட்டைமேட்டுக்காரர். லட்சுமணசாமியின் கப்பலில் மாலுமியாக இருந்து, படிப்படியாக உயர்ந்து ஓய்வுபெற்றவர். மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கயல்விழி அவருக்கும் கடிதம் போட்டிருந்தாள். ஆனால் அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. சொன்ன நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"ஹஜ்ஜுக்குப் போறனுங்கம்மா. அடுத்த வாரம் மெட்ராஸ் போயி அங்கிருந்து பயணம். போறதுக்கு முன்னால, யாருக்கெல்லாம் மனசறிஞ்சு கெடுதல் செஞ்சமோ அவங்க ஊட்டுக்குப் போயி, பொறுத்துக்கங்கன்னு கேட்டுட்டுப் போகோணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"நீங்க எங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனீங்க பாய்?"

"அந்தப் படகு விஷயமுங்கம்மா. நேத்துப் பெருந்துறை போயி அங்கப்பனைப் பாத்தேன். 'நான் அப்பவே பொறுத்துட்டனுங்க பாய், எங்கக்காளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அவங்களுக்கு எல்லாந் தெரியும்'னு சொன்னாருங்க. தெரிஞ்சும் இத்தனை வருஷம் நீங்க எம் மூஞ்சியில முழிச்சீங்களே, அது பெரிய மனசுங்கம்மா."

மாரியாத்தாள் காபித் தம்ளரை மேசை மேல் வைத்தாள்.

"எனக்கு என்ன தெரியும்?"

பாவம் முத்தலிப். நேர்மையான மனுஷர், நிலவரம் புரியாமல் முழுக்க மாட்டிக்கொண்டார். அவர் கயல்விழியைப் பார்த்தார், சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தார். பேசாமல் போய்விட வழியே இல்லை.

"சொல்லுங்க பாய்."

"அன்னைக்கு ஏணிப்படிக்கிட்ட காவல் என்னுதுங்க. கப்பல்ல சார் தமிழே பேசமாட்டாரு. அங்கப்பன் மச்சினன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவருகிட்டவும் இங்கிலீஷ்தான். அன்னைக்கு மட்டும் கிட்ட வந்து நம்மூருப் பேச்சுல சொன்னாருங்க. 'மாப்பிள்ளை, கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில உங்கக்காளைச் சேத்தி ரெண்டு நாளாச்சு. மனசு நிக்கலைங்க. படகை எடுத்துட்டுப் போயி போஸ்ட் ஆபீசுல டிரங்க் கால் போட்டுக் கேட்டுட்டு வந்துருங்க'ன்னு. பக்கத்துல நின்ன இன்னொருத்தன் பஞ்சாப்காரன். அவனுக்கு ஒரு எழவும் புரியலை. புரிஞ்சவன் நான் ஒருத்தன்."

"பொய்!" என்றாள் கயல்விழி. "இறக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதே அப்பாதானே?"

"ஆமாங்கம்மணி. அவரு போட்ட உத்தரவை அவரே மீறுனாரு. படகு எறக்குனா நோட்டுல எழுதி ஆபீசர் கையெழுத்துப் போடோணும். கையெழுத்து இல்லீன்னா அந்த உத்தரவே இல்லீங்க. நான் அங்கப்பனை நிறுத்திக் கேட்டேன், 'கையெழுத்து வாங்குனயாப்பா?'ன்னு. 'அக்கா ஊட்டுக்காரருகிட்ட நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கச் சொல்றீங்களா பாய்? மரியாதையா இருக்குமா?'ன்னுட்டு எறங்கிட்டாரு."

அதுதான் நம்ம ஊர்ப் புத்தி. மச்சான் ஒரு வேலை சொன்னால் அதற்குச் சாட்சி கேட்பது அவமரியாதை. கப்பலில் வேலை பார்த்தாலும் அங்கப்பன் மச்சினனாகத்தான் அந்தப் படகில் ஏறினான். விசாரணை மேசையில் மச்சினன் யாரும் இல்லை. கையெழுத்து இல்லாத ஒரு பக்கம்தான் இருந்தது.

"என்னைய விசாரிச்சாங்க. ஒண்ணுங் கேக்கலைன்னு சொல்லிப்போட்டேன். சார் அப்படிச் சொல்லச் சொன்னாரு. அடுத்த வருஷமே எனக்கு ட்ரெய்னிங், ப்ரமோஷன் எல்லாங் கெடைச்சுது." என்றார் முத்தலிப். "செத்துப்போனவனுக்கு ஒரிசாவுங்க. எனக்கு ரெண்டு வருஷம் இளையவன். அவன் ஊட்டுக்குப் போயிக் கேக்கறதுக்கு எங்கிட்ட வெலாசமே இல்லீங்கம்மா."

மாரியாத்தாள் எழுந்து, "நீங்க போயிட்டு வாங்க பாய்" என்றாள். பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை, பொறுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முத்தலிப் தலையைக் குனிந்தபடி ஆட்டோவில் ஏறினார்.

"அம்மா, ஒருத்தர் வந்து சொன்னா உடனே நம்பிடறதா? பதில் சொல்ல அப்பா இல்லைங்கற தைரியத்துல..."

"நான் இன்னும் நம்பலை. எனக்கு எல்லாந் தெரியும்னு அவன் சொன்னானாமே, அதைக் கேக்கோணும். கெளம்பு."

காந்திபுரத்தில் ஈரோடு பஸ் பிடித்தார்கள். சித்திரை வெயில். கயல்விழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் பிறந்த சேதி கேட்கப் போன படகு அது என்று இருபத்தைந்து வயது வரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. குடிபோதையில் மாமா எடுத்துப் போன படகு என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. வார்னிஷ் வாசனை தெருவரைக்கும் வந்தது. உள்ளே ஒரு பம்ப் மோட்டாரை மடியில் சாய்த்து வைத்துத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தலை, முழங்கை வரை கறை. கம்பியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்கக்கா" என்றார். நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் போனவளிடம் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அந்த ஒரு 'வாங்கக்கா'வில் மாரியாத்தாள் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையும் பறந்துபோயிற்று. அங்கப்பன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடைக்கு அவரே ஓடி இரண்டு கலர் சோடா வாங்கி வந்து வைத்தார். கயல்விழியைப் பார்த்துவிட்டு, பார்க்கலாமா கூடாதா என்று தெரியாதவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"முத்தலிப் பாய் வந்திருந்தாரு" என்றாள் மாரியாத்தாள்.

"வர்றேன்னு சொன்னாருங்க."

"எனக்கு எல்லாந் தெரியும்னு அவருகிட்டச் சொன்னயா?"

"ஆமாங்கக்கா."

"எனக்குத் தெரியும்னு உனக்கு யாரு சொன்னா?"

அங்கப்பன் விழித்தார்.

"நீங்கதானுங்க."

கடைக்கு முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"நானா? நான் எப்ப உங்கிட்டப் பேசுனேன்?"

"பேசுலீங்க. கடுதாசி போட்டீங்க."

"காது குத்துக்கு வரச் சொல்லித்தான போட்டேன்!"

அங்கப்பன் உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு இன்லண்ட் லெட்டரோடு வந்தார். அக்காவிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"என்னைய அடைச்சு வெச்ச மூணாம் நாள் சாயந்தரம் மச்சான் வந்தாருங்க. 'பொம்பளைப் புள்ளை பொறந்திருக்குது மாப்பிள்ளை. என்ற வேலை போச்சுன்னா உங்கக்காளும் இந்தப் புள்ளையும் மறுக்காப் பண்ணையத்துக்குத்தான் போகோணும்'னாரு. யோசிச்சேனுங்க. ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பறதுக்கு ஒருத்தன் போனாப் பத்தாதா? சரீன்னுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன். 'ஊரு என்ன வேணா பேசட்டுமுங்க. எங்கக்காகிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லிப்போடுங்க மச்சான்'னு. சொல்றேன்னு எங்கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணுனாருங்க."

"அப்பறம்?"

"அஞ்சு வருசம் கழிச்சு இது வந்துதுங்க. சரி, சொல்லிட்டாரு, அக்காளுக்கும் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் வேண்டாம்னு இருக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். ஆபீசர் ஊடு. அவங்க கஷ்டம் அவங்களுக்கு."

மாரியாத்தாள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள்.

"அன்புள்ள தம்பி அங்கப்பனுக்கு. அன்று நடந்தது முழுவதையும் உன் மச்சான் என்னிடம் சொல்லிவிட்டார். நீ செய்ததை மறக்கமாட்டேன். ஆனாலும் உன்னைச் சேர்த்துக்கொண்டால் பழைய பேச்சு கிளம்பும். அவருடைய எதிர்காலம் கெடும். கயல்விழியின் காது குத்துக்கு நீ வர வேண்டாம். இனிமேலும் எங்களைத் தேடி வராமல் இருப்பதே நீ எனக்குச் செய்யும் உதவி. இப்படிக்கு, உன் அக்கா..."

கடைசிச் சொல்லை அவள் படிக்கவில்லை. அவளுடைய கையெழுத்துத்தான். கோணல்மாணலாக, பெரிது பெரிதாக, கொச்சிக் குவார்ட்டர்ஸில் ஒரு மாதம் கையைப் பிடித்து லட்சுமணசாமி பழக்கிவிட்ட கையெழுத்து.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. "உன் தம்பியைக் காது குத்துக்குக் கூப்பிட்டு எழுதியிருக்கேன், கீழே ஒரு கையெழுத்துப் போடு" என்றார். அவள் சந்தோஷமாகப் போட்டாள். என் வீட்டுக்காரருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று இரண்டு நாள் பூரித்தும் போனாள்.

"இது அப்பா எழுத்துதான்" என்றாள் கயல்விழி. ஏழு மாதம் பழகிய எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லலாம்.

"நான் சொல்லலை சாமி" என்றாள் மாரியாத்தாள். "என்ன எழுதியிருக்குதுன்னே எனக்குத் தெரியாது. எனக்கு அப்பப் படிக்கத் தெரியாதே! கையெழுத்து மட்டுந்தான் போடுவேன். இவ ஸ்கூலுக்குப் போனப்பறம், இவ புஸ்தகத்தை வெச்சு, வாரப் பத்திரிகைக் கதையெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிக்கப் பழகுனேன். நான் பள்ளிக்கூடமே போனதில்லீன்னு உனக்குத் தெரியாதா? உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயி விட்டுட்டுக் களை வெட்டப் போனவடா நானு!"

அங்கப்பன் சுவரில் சாய்ந்தார்.

"ஆபீசர் ஊட்டம்மா ஆயிட்டீங்களேக்கா. அங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். "ஒரு நாள், ஒரே ஒரு நாளாச்சும் அது எனக்குத் தோணியிருக்கோணுமுங்க. தோணவே இல்லை. அன்னைக்குச் சென்னிமலைக்கு வந்தேனுங்க. மேல ஏறலை. அடிவாரத்துலயே நின்னு, நீங்கெல்லாம் எறங்கி வர்றதைப் பாத்துட்டுப் போயிட்டேன். புள்ளை அழுதுக்கிட்டே வந்துது."

மாரியாத்தாள் வாய்விட்டு அழுதாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. அன்று அழுதது புருஷனுக்காக. இன்று அவள் அழுதது, இருபத்தைந்து வருஷம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவள் கையாலேயே அவள் தம்பியை வெட்டிவிட்ட ஒரு ஆளிடம் ஏமாந்ததற்காக. ஒரு பொய் தம்பிக்கு, ஒரு பொய் அக்காவுக்கு. நடுவில் உட்கார்ந்து ஏழு மணிக்குக் காபி குடித்திருக்கிறார் மகானுபாவர்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தக் கடுதாசி எங்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அத்தனை ஆபீசருங்களுக்கும் முன்னால, மேடையில நின்னு நானே படிக்கறேன்."

"அம்மா!"

"வேண்டாமுங்கக்கா" என்று அங்கப்பன் பதறினார். "இத்தனை வருசம் கட்டிக் காத்துட்டு, இப்பப் போயி... செத்தவரு பேருங்க."

"கீழ பாரு சாமி. இதுல இருக்கறது செத்தவரு பேரா? எம் பேருடா!"

கயல்விழி அம்மாவின் கையிலிருந்து கடிதத்தை மெதுவாக எடுத்தாள். பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"கிழிஞ்சிடும்மா. நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு அங்கப்பனிடம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக, "போயிட்டு வர்றேன் மாமா" என்றாள். அவர் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றார்.

பஸ் திருப்பூர் பிரிவைத் தாண்டியது. மாரியாத்தாள் கையை நீட்டினாள்.

"அந்தக் கடுதாசியை எடு கண்ணு. இன்னொருக்காப் பாக்கறேன்."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்மா. இப்ப கொஞ்சம் கண்ணை மூடித் தூங்குங்க."

அன்பாகத்தான் சொன்னாள். லட்சுமணசாமியும் மறுப்பதாக இருந்தால் இவ்வளவு அன்பாகத்தான் மறுப்பார். மகளின் இரண்டு கைகளும் கைப்பையின் மேல் இறுக்கமாக இருந்தன.

மாரியாத்தாள் கண்ணை மூடவில்லை. கோயமுத்தூர் வந்து சேரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெற்ற பெண்ணை நம்பலாமா என்று அவள் யோசித்தது அன்றுதான் முதல் தடவை.